எல்லாவற்றுக்கும் எட்டு

சோப்புத்தூளுக்கு எட்டு. அதன் வாசனைக்கு எட்டு. நுரைக்கு எட்டு, பாக்கெட்டின் நிறத்துக்கு எட்டு, டிவியில் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற பெண்ணின் சிரிப்புக்கும் எட்டு. அம்மையார்குப்பத்தில் ஒரு தெரு மொத்தமும் பத்துக்கு எட்டு என்று மார்க் போட்டு வைத்திருந்தது. சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, வந்த பதில்களைச் சரிபார்க்கிற எழிலனுக்கு இது பொறுக்குமா? புஷ்பலதா வாயில் போட்ட இட்லியை விழுங்குவதற்குள் போன் அடித்துவிட்டான்.

“மேடம், உங்க ஏரியால மட்டும் அது என்ன எல்லாத்துக்கும் எட்டு? ஊர் கூடிப் பேசி வெச்சாங்களா?”

“அவங்க சொன்னதத்தான் சார் அமுக்கினேன்.”

“அது பதிலே இல்ல மேடம். கேள்வி கேட்டுக் கேட்டு அவங்க களைச்சுப் போயிட்டாங்க. களைச்சவங்க சொல்றத வெச்சு கம்பெனி என்ன செய்யும்? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாலஞ்சு வீடாவது திரும்பப் போய் ஒழுங்கா எடுத்து அனுப்புங்க. இல்லேன்னா அந்தத் தெருவையே கணக்குலேர்ந்து தூக்கிடுவோம்.”

தூக்குவாராம்! நாக்கு நுனிவரை வந்ததை இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “சரி சார்” என்றாள். நாற்பது நிமிஷம் ஓடுகிற கேள்விகளை எழுதி அனுப்பினது யார்? ஜனங்கள் களைத்துப்போகிறார்கள் என்று இப்போது கண்டுபிடித்தது யார்? எல்லாம் ஒரே ஆபீஸ்தான்.

புஷ்பலதாவுக்கு இந்த வேலை புதிதல்ல. கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, என்ன டீத்தூள் வாங்குகிறீர்கள், ஏன் வாங்குகிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரிக்கும் வாங்கச் சொல்வீர்களா என்று கம்பெனிகள் சார்பில் கேட்கிற வேலை. திருத்தணியைச் சுற்றி அவளைப் பார்த்துக் குரைக்காத நாயும் இல்லை, அவள் முகத்துக்கு நேரே சாத்தாத கதவும் இல்லை. அதையெல்லாம் அவள் தலைக்கு ஏற்றிக்கொள்வதில்லை. ஆனால் திரும்பப் போகிற வேலை இன்றைக்கா வரவேண்டும்? இன்று கிருத்திகை. நாலு மணிக்கு மலைமேல் முருகன் கோயிலில் தங்கை தேவயானியைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வருகிறார்கள்.

அதுகூடப் பெரிதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் தேவயானி வந்து சொல்லிவிட்டுப் போனதுதான் பெரிது. அப்பா வீடு புஷ்பலதா குடியிருக்கிற தெருவிலேயேதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போகிற வழியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். இன்னிக்கி வர்றவன் யாரா இருந்தாலும், இன்னா கேட்டாலும், ஆங் சொல்லிடப் போறேன். இதோட முடிங்க.”

“கண்ணு தெரியாதவனா இருந்தா?”

“ஆங்.”

“ரெண்டு பொண்டாட்டிக்காரனா இருந்தா?”

“அதான் சொல்லிட்டனே. ஆங்.”

புஷ்பலதா சிரித்துவிட்டாள். “அஞ்சு நிமிஷம்தாண்டி. வந்து நின்னு மூஞ்சிய காட்டிட்டுப் போயிடு” என்றாள். தேவயானி சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு புஷ்பலதாவுக்குக் கசக்க ஆரம்பித்தது. இவள் சொன்னபடி செய்துவிட்டால்? முன்பின் தெரியாத ஒருவன், முன்பின் தெரியாத ஒரு வீடு, ஆயுசுக்கும். ஓயாமல் கேட்கிறார்களே என்று எரிச்சல்பட்டு எடுக்கிற முடிவா அது?

பஸ் ஆர்.கே. பேட்டையில் வேண்டுமென்றே நிற்பதுபோல் நின்றது. புஷ்பலதா மணி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். டிரைவர் டீ குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வேறு வைத்தான். அவளுக்கு இறங்கி ஓடலாம்போல இருந்தது.

அம்மையார்குப்பத்தில் முதல் இரண்டு வீடும் பூட்டு. மூன்றாவது வீட்டில் ஆள் இருந்தும் இல்லை என்றார்கள். இல்லை என்று சொன்னதே அந்த வீட்டுக்காரிதான். நாலாவது, கோமளவல்லியின் வீடு. முன்னறையில் விசைத்தறி தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள் நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

“மறுபடியுமா? போன வாரம்தான வந்த?”

“அதுல கொஞ்சம் விட்டுப்போச்சும்மா. அஞ்சே நிமிஷம்.”

“எல்லாரும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்றீங்க. முந்தாநாள் ஒருத்தன் வந்து எந்தக் கட்சிக்கு ஓட்டுன்றான். நேத்து ஒரு பொண்ணு வந்து தண்ணித் தொட்டில கொசுப்புழு இருக்குதான்றா. கேஸ் சிலிண்டருக்கு ஒருத்தன், செல்போன் கம்பெனிக்கு ஒருத்தன். எங்க தெரு இன்னா ஸ்கூலா, தெனம் பரிச்ச வெக்கறதுக்கு?”

ஆனாலும் தறியை நிறுத்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்தவளைப் போ என்று சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை. புஷ்பலதாவைப் போன்றவர்களின் பிழைப்பு ஓடுவதே இப்படி வாய் வராதவர்களால்தான்.

முதல் கேள்விகள் நன்றாகத்தான் போயின. எந்தத் தூள் வாங்குகிறாள், ஏன் அதை விட்டு இதற்கு மாறினாள், சாயம் போகிற லுங்கிக்கு ஒன்று, வெள்ளை வேட்டிக்கு ஒன்று என்று இரண்டு வாங்குவது ஏன் என்றெல்லாம் ஆசையாகவே சொன்னாள். பிறகு பட்டியல் ஆரம்பித்தது. பதினாலு தூளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் வாசனை எப்படி, நுரை எப்படி, கைக்கு எப்படி, நம்பிக்கை எப்படி. ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு எண் சொல்லவேண்டும். கோமளவல்லி முதலில் யோசித்துச் சொன்னாள். அப்புறம் யோசிக்காமல் சொன்னாள். அப்புறம் புஷ்பலதா கேள்வியை முடிப்பதற்குள்ளேயே சொன்னாள்.

“இந்தத் தூள் உங்கள் குடும்பத்தின்மேல் அக்கறை—”

“எட்டு.”

“நவீன காலத்துப் பெண்களுக்கு—”

“எட்டும்மா.”

அடுத்ததாகத் திரையில் வந்தது பொறிக் கேள்வி. ஆள் கவனமாகப் பதில் சொல்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று பார்ப்பதற்காக நடுவில் செருகி வைத்திருப்பது. புஷ்பலதா நிதானமாகவே படித்தாள்: “இந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு என்று சொல்லவும்.”

“எட்டு.”

மற்ற நாளாக இருந்தால், “ரெண்டுன்னு சொல்லும்மா” என்று தானே எடுத்துக்கொடுத்து, இரண்டை அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். எல்லாரும் செய்கிறதுதான். இன்று விரல் போகவில்லை. டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“யம்மா, கோவிச்சுக்காத. நானா கேக்கறேன், கம்பெனிக்காக இல்ல. அது ஏன் எட்டு? ஏழு இருக்குது, ஒம்போது இருக்குது.”

கோமளவல்லி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிறதுபோல.

“பத்துன்னா, எதனால பத்துன்னு கேக்கற. அஞ்சுக்குக் கீழ சொன்னா, இன்னா கொறை, எப்பலேர்ந்து கொறைன்னு நோண்டற. எட்டுன்னா ஒண்ணும் கேக்காம அடுத்ததுக்குப் பூடற. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். மொதல்ல கண்டுபுடிச்சது எதுத்த வூட்டுப் பொண்ணு. அதுதான் எல்லாருக்கும் சொல்லிச்சி.”

எழிலன் கேட்டது சரிதான். ஊர் கூடிப் பேசித்தான் வைத்திருந்தது. புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்றும் இருந்தது. இத்தனை நாளாக எட்டு என்றால் ஓரளவு பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். எழுந்து போய்த்தொலை என்பதை இவர்கள் இவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

“எந்திரிச்சிடறேம்மா. நீ தறிய ஓட்டு” என்றாள்.

“முடிஞ்சிச்சா? நெஜமாவா?” என்றாள் கோமளவல்லி. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் புஷ்பலதாவுக்கு அவமானமாக இருந்தது.

மூன்று பஸ் நிற்காமலே போய், இரண்டு மணிக்குமேல் கிடைத்த பஸ்ஸிலும் நிற்க இடமில்லை. கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கொள்ளப் போகிற கும்பல், மடியில் பிள்ளைகள், காலடியில் மூட்டைகள். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தவளுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. எழிலன் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. தேவயானியை இவள் கூப்பிட்டாள், அவள் எடுக்கவில்லை.

முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தவர்கள் “சமைப்பியாம்மா?” என்று கேட்டபோது, தேவயானி வாழைக்காய்ப் புளிக்குழம்பில் தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றவேண்டும் என்பதுவரை சொன்னாள். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்; பிறகு ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். இன்னொரு வீட்டார் உயரம் போதாது என்றார்கள். ஒருத்தி, ரத்தம் தொட்ட கையால் சோறு போடுவாளா என்று கேட்டாள். நாலைந்து வரன் போனபிறகு அந்தக் குழம்பு விவரமெல்லாம் “சமைப்பேங்க” என்று சுருங்கியது. அதற்கப்புறம் “ஆங்” ஆனது. கோமளவல்லி அரை மணியில் தேய்ந்ததுபோல, தேவயானி வருஷக்கணக்கில் தேய்ந்திருக்கிறாள். ஊரார் களைப்பதையெல்லாம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், ஒரே தெருவில் இருந்துகொண்டு இதைப் பார்க்கவில்லை.

மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே இடித்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவர்கள் சொந்தத்தில் பெண்ணை வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. மலைமேல்தான். இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டதுபோல இருக்கும்; பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லை. தலைகுனிவில்லை என்று சொன்ன புண்ணியவான்கள், அங்கே பூ விற்கிற கெங்கம்மாளை ஒரு தடவை பார்த்திருக்கவேண்டும். பட்டுப்புடவையில் தேவயானி வருவதைக் கண்டாலே அவள் மல்லிகையை அளந்துவிடுவாள். புஷ்பலதாவைக் கண்டதும் கையைக் காட்டினாள். “உன் தங்கச்சி அந்தாண்ட மண்டபத்துல கீறாம்மா. இன்னிக்கி வந்திருக்கறவங்க பாக்க நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க.”

மண்டபத்தில் விசாரணை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பையன் சூர்யபிரகாஷ், ரயில்வேயில் வேலை; தூணில் சாய்ந்து கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்டவள் அவன் அம்மா சுலோச்சனா. எதிரில் தேவயானி, தலையைக் குனிந்தபடி. பக்கத்தில் அப்பா வேதாசலம். கரும்புத் தோட்டத்தில் மடை மாற்றியே பழகின மனுஷர், வெளுத்த வேட்டியில் விறைத்துப்போய் நின்றார். மனைவி போனபிறகு அவருக்கு இருந்த ஒரே கவலை இந்தச் சின்ன மகள்தான்.

“சமையலெல்லாம் வருமா—”

“ஆங்.”

“கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய—”

“ஆங்.”

“விடணும்னு சொல்லல, ஒருவேளை விடறாப்ல இருந்தா—”

“ஆங்.”

புஷ்பலதாவின் காது இதற்கென்றே பழகின காது. கேள்வி முடியுமுன் வருகிற பதில். ஒரே சுருதி, ஒரே அளவு. காலையில் தறிக்குப் பக்கத்தில் கேட்டது அப்படியே இங்கே மணிச் சத்தத்தின் நடுவே கேட்டது. சுலோச்சனா அம்மாளோ பூரித்துப்போனாள்.

“எவ்ளோ அடக்கம் பாருங்க! இந்தக் காலத்துல ஒரு கேள்விக்கு ஒம்போது கேள்வி கேக்கறாளுங்க பொண்ணுங்க. அண்ணே, எங்களுக்கு முழு சம்மதம். கிருத்திகையும் அதுவுமா இங்கயே, சாமி எதுருலயே வெத்தல பாக்க மாத்திக்கலாமா?”

வேதாசலம் மகளைப் பார்த்தார். “இன்னாம்மா, உனுக்கு—”

“ஆங், நைனா.”

அவர் கண் கலங்கிவிட்டது. “தட்டு வாங்கினு வந்துடறேன்” என்று கடைப்பக்கம் கிட்டத்தட்ட ஓடினார். புஷ்பலதாவுக்கு அவரை நிறுத்தவேண்டும் என்றும் இருந்தது, எந்த வாயால் நிறுத்துவது என்றும் இருந்தது. தங்கையின் கையைப் பிடித்து, “பொடவ மடிப்பு கலஞ்சிருக்குது, வா” என்று சுவர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கீழே ஊர் தெரிந்தது. அரக்கோணம் பக்கம் போகிற ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. தேவயானி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தேவி, ஒண்ணே ஒண்ணு” என்றாள் புஷ்பலதா. “அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயி, அறுத்து வுட்டாச்சாம். இப்பதான் காதுல போட்டாங்க. பரவால்லயா?”

“ஆங். பரவால்ல.”

கண்கூட ரயிலைவிட்டுத் திரும்பவில்லை.

“பொய்டி அது! சும்மா சொன்னேன்.”

“சரி. அதுவும் பரவால்ல.”

“ஏண்டி இப்படி இருக்கற? ஒருத்தன்கூட ஆயுசு பூரா இருக்கப் போறவ நீதான? வேணான்னா வேணான்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

தேவயானி அப்போதுதான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அலுப்புதான் இருந்தது, மலையளவு.

“சொன்னா வுடுவீங்களா? ஏன் வேணாம், மூக்கு புடிக்கலியா, நிறம் புடிக்கலியா, மனசுல வேற எவனயாச்சும் வெச்சிருக்கியான்னு நீ வந்து குந்திக்குவ. நைனா ரெண்டு நாளு சாப்பிட மாட்டாரு. சின்னம்மா போன் பண்ணி அழும். ஆங்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அதான் சொல்றேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “லேப்ல கொயந்தைக்கு ஊசி குத்தறதுக்கு முன்னாடி, சுருக்குனு வலிக்கும்டான்னு சொல்லிட்டுத்தாங்க்கா குத்துவேன். நீ ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொல்லி என்ன இட்டுகினு வர. எத்தினி வருஷமா நடக்குது உன் அஞ்சு நிமிஷம்?”

ஊராரிடம் விற்ற பொய்யையே புஷ்பலதா கூடப் பிறந்தவளிடமும் விற்றிருக்கிறாள். திரும்பி மண்டபத்தை நோக்கி நடந்தாள், நடையா ஓட்டமா என்று சொல்லமுடியாத வேகத்தில்.

வேதாசலம் தட்டோடு வந்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு முழம் பூ. சுலோச்சனா முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். புஷ்பலதா நடுவில் போய் நின்று தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கி வேணாம் நைனா.”

“இன்னா சொல்ற நீ?”

“இன்னிக்கி மாத்திக்க வேணாம்.”

“ஏம்மா, இன்னா விளையாட்டு இது?” சுலோச்சனாவின் குரல் ஏறியது. சாமி கும்பிட வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “பொண்ணே வாயத் தொறந்து சரின்னு சொல்லிச்சி. பெத்தவரு சொல்லிட்டாரு. நடுவுல நீ யாரு?”

“அவ சொன்னது சரின்னு இல்லம்மா. வுட்டா போதும்னு சொன்னா. என் வேலையே அதான், எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு நாங்கதான் அவள இப்படிப் பண்ணிட்டோம். இத நம்பி நீங்க தட்டு வாங்கினா, நாளைக்கி உங்க வூட்ல வந்தும் எல்லாத்துக்கும் ஆங்னுதான் இருப்பா. அது உங்களுக்கும் நல்லதில்ல.”

“நல்லா இருக்குதே நாயம்!” சுலோச்சனா மகன் பக்கம் திரும்பினாள். “டேய், நீயே சொல்லு. உனுக்குப் புடிச்சிருக்குதா இல்லியா? இவங்க எதுருலயே சொல்லு.”

சூர்யபிரகாஷ் கைக்குட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். பாடம் ஒப்பிக்கிற குரல்.

“எனக்கு ஓகேம்மா. கல்பனாவ எனக்குப் புடிச்சிருக்குது.”

வேதாசலம் தட்டைப் பார்த்தார். சுலோச்சனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று புரியாமல் தலையைத் தூக்கிய பையனுக்கு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துத்தான் விஷயம் விளங்கியது. காது மடல்வரை சிவந்துபோனான்.

“ஐயோ. மன்னிச்சிடுங்க. அது போன வாரம்... சோளிங்கர்ல...” என்றவன், அம்மாவின் முகத்தைப் பார்த்து அதையும் பாதியில் நிறுத்தினான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. புஷ்பலதா, தங்கை அழுகிறாள் என்றுதான் பதறித் திரும்பினாள். தேவயானி சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடக்கமுடியாமல், தோள் குலுங்கக் குலுங்க. சிரித்து முடித்து, நிமிர்ந்து, அந்தப் பையன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“எம் பேரு தேவயானி.”

அவள் பேரை அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

சுலோச்சனா கௌரவமாகவே ஒதுங்கப் பார்த்தாள். “நாங்க வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லியனுப்பறோம் அண்ணே” என்றாள், வழக்கமான வாசகத்தை. வேதாசலமும் வழக்கம்போலத் தலையாட்டப் போனார்.

“வேணாம்மா” என்றாள் புஷ்பலதா. “இந்தத் தடவ நாங்க சொல்லியனுப்பறோம். எப்பன்னு தெரியாது. அவளுக்குத் தோணும்போது.”

கீழே இறங்குகிற பஸ்ஸில் வேதாசலம் முன்சீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய மகள்மேல் கோபம் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. பின்சீட்டில் அக்காளும் தங்கையும். பஸ் முதல் வளைவில் திரும்பும்போது எழிலன் மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தாள்.

“அந்தத் தெருவ தூக்கிடுங்க சார்.”

“என்ன மேடம் இவ்ளோ ஈசியா சொல்றீங்க?”

“எட்டுன்னா எங்கள வுட்டுடுன்னு அர்த்தமாம் சார். வேற ஒண்ணும் இல்ல. பதினாலு தூள் வேணாம், அவங்க வூட்ல இருக்கற ரெண்டு தூள மட்டும் கேக்கறேன். நாப்பது நிமிஷம்னா வாசல்லயே நாப்பது நிமிஷம்னு சொல்லிட்டுத்தான் இனிமே உக்காருவேன். வேணான்னா வந்துடுவேன், ஏன்னு கேக்க மாட்டேன். ஒத்துவந்தா சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“இதெல்லாம் ஒரு மெயிலா போட்டுடுங்க மேடம்” என்றான் எழிலன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டாவது வளைவும் போயிற்று. கோபமாடி, நான் செய்தது தப்பா, ராத்திரிக்குச் சாப்பிடுவியா என்று கேட்கப் புஷ்பலதாவுக்கு வாய் துறுதுறுத்தது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

“அக்கா.”

“ம்.”

“இத்தினி பேரு வந்தாங்களே, ஒருத்தன் மூஞ்சியும் எனக்கு ஞாபகம் இல்ல. தலைய குனிஞ்சிகினு செருப்பத்தான் பாத்துகினு இருந்தேன். எவன் செருப்பு எதுன்னு வேணா சொல்லுவேன். இன்னிக்கி இவன் பேர மாத்திச் சொன்னப்போதான் நிமுந்தே பாத்தேன்.” தேவயானி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். “பாவம்க்கா. என்னவிட டயர்டா இருக்கான்.”

அப்படியானால் அவனைப் பிடித்திருக்கிறதா? கேள்வி புஷ்பலதாவின் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. முன்சீட்டில் வேதாசலமும் விருட்டென்று திரும்பினார். அவர் முகத்திலும் அதே கேள்விதான். “அப்ப அந்தப் பையன—” என்று அவர் தொடங்குவதற்குள் புஷ்பலதா எட்டி அவர் தோளை அழுத்தினாள். அவர் மகளின் கையைப் பார்த்தார், சின்னவளின் முகத்தைப் பார்த்தார், பிறகு மெல்ல முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவயானி காத்திருந்தாள். எந்தக் கேள்வியும் வராததைக் கண்டு புருவத்தைத் தூக்கினாள்.

“இன்னா, ஒண்ணும் கேக்கலியா?”

“இல்ல.”

“நெஜமாவா?”

காலையில் அதே வார்த்தையைத்தான் கோமளவல்லி சொன்னாள். புஷ்பலதா தலையை மட்டும் ஆட்டினாள்.

தேவயானி தானாகவே பேச ஆரம்பித்தாள். லேபில் அன்று காலை ஊசிக்கு அழாமல் நின்ற ஒரு குழந்தையைப் பற்றி, திருவள்ளூரில் ஏதோ ஒரு படிப்பு படிக்கவேண்டும் என்று தனக்கு இரண்டு வருஷமாக இருக்கிற ஆசையைப் பற்றி, கல்யாணம் வேண்டாம் என்றில்லை, இப்படி வேண்டாம் என்பது பற்றி. வாழைக்காய்க் குழம்பைச் சொன்ன அதே குரல். அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை பெயரைச் சொல்லிக் கூவினார். முன்சீட்டில் வேதாசலம் எழுந்திருக்கவில்லை, புஷ்பலதாவும் எழுந்திருக்கவில்லை. தேவயானி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.